கடைத்தெருவைப் பார்த்து மந்தநிலையை அறிவது எப்படி? முழுமையான வழிகாட்டி

பொருளாதாரம் மந்தநிலையில் இருக்கிறது என்று அதிகாரபூர்வமாகச் சொல்லி முடிப்பதற்குள் பல சமயம் மந்தநிலையில் பாதி கழிந்துவிடும். அமெரிக்காவில் இந்தத் தேதிகளைக் குறிப்பது தேசியப் பொருளாதார ஆய்வகம் என்ற அமைப்பு. 2007 டிசம்பரில் தொடங்கிய மந்தநிலையை அது அறிவித்தது 2008 டிசம்பர் 1ஆம் தேதி. ஒரு வருடம் கழித்து! அது 2009 ஜூனிலேயே முடிந்துவிட்டது என்று சொன்னது 2010 செப்டம்பரில். பிரிட்டன் கதை இன்னும் வேடிக்கை. 2012இல் 'மறுபடியும் மந்தநிலை' என்று தலைப்புச் செய்தி வந்தது. 2013 ஜூனில் புள்ளிவிவர அலுவலகம் பழைய கணக்கைத் திருத்தியதும் அந்த மந்தநிலையே காணாமல் போய்விட்டது.

இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. கணக்கு வந்து சேரவும், சரிபார்க்கவும் அவ்வளவு நாள் ஆகும். ஆனால் கடை வைத்திருப்பவரும், வேலை மாறலாமா என்று யோசிப்பவரும், பெரிய கடன் ஒன்றில் கையெழுத்துப் போட இருப்பவரும் அத்தனை நாள் காத்திருக்க முடியாது. அவர்களுக்குக் கடைத்தெரு முன்கூட்டியே சொல்லும். என்ன, அது சில சமயம் பொய்யும் சொல்லும். எது பொய் என்று பிரிக்கத் தெரியாவிட்டால் தெருவைப் பார்த்துப் பிரயோஜனமில்லை.

பலரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. இழுத்து மூடிய ஷட்டர்களை எண்ணிப் பார்த்துவிட்டு 'காலம் கெட்டுப்போச்சு' என்பார்கள். ஷட்டர் மூடுவது கடைசியில் நடப்பது. அதற்கு ஏழெட்டு மாதம் முன்பே மந்தம் வேறோர் இடத்தில் தெரிய ஆரம்பித்துவிடும்: தள்ளிப்போடுவதில். வாங்குவதைத் தள்ளிப்போடுவார்கள், கொடுக்க வேண்டியதைத் தள்ளிப்போடுவார்கள், பழசை மாற்றுவதைத் தள்ளிப்போடுவார்கள். கீழே உள்ள எல்லாப் படிகளும் இந்தத் தள்ளிப்போடலைக் கண்டுபிடிக்கும் வழிகள்தான்.

படி 1: சாதாரண நாள் எப்படி இருக்கும் என்று எழுதி வையுங்கள்

காய்ச்சலா என்று பார்க்க, சாதாரண உடல் சூடு எவ்வளவு என்று தெரிந்திருக்க வேண்டும். தெருவுக்கும் அதே கதைதான். அரை மணி நேரத்தில் நடந்து முடிக்கிற மாதிரி ஒரு பாதையைத் தேர்ந்தெடுங்கள். முப்பது, நாற்பது கடை இருந்தால் போதும். எல்லாம் ஒரே வகைக் கடையாக இருக்க வேண்டாம். மளிகை, துணி, மருந்து, வீட்டு உபயோகப் பொருள், பழுதுபார்க்கும் கடை, முடிதிருத்தகம் என்று கலந்திருப்பது நல்லது.

மாதத்துக்கு இரண்டு முறை நடங்கள். ஒன்று சம்பளம் வந்த வாரத்தில், இன்னொன்று மாதக் கடைசியில். ஒரே கிழமை, ஒரே நேரம். ஏன் இரண்டு முறை என்றால், அந்த இரண்டுக்கும் இடையில் உள்ள வித்தியாசமே ஓர் அறிகுறி. நல்ல காலத்தில் வித்தியாசம் சிறியதாக இருக்கும். கை இறுக ஆரம்பித்ததும் சம்பள வாரக் கூட்டம் ஏறக்குறைய அப்படியே இருக்கும், மாதக் கடைசி மட்டும் வெறிச்சோடும். ஒரு முறை மட்டும் போய்ப் பார்ப்பவருக்கு இது தெரியவே தெரியாது.

எழுத வேண்டியவை அதிகமில்லை. எத்தனை கடை திறந்திருக்கிறது, எத்தனை மூடியிருக்கிறது, எதில் 'வாடகைக்கு' பலகை, அது எந்த மாதத்தில் மாட்டியது. அப்புறம் ஏதாவது இரண்டு கடைகளுக்கு எதிரே பத்து நிமிடம் நின்று, உள்ளே போனவர் எத்தனை பேர், கையில் பையோடு வெளியே வந்தவர் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். கூட்டத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். காசு இல்லாதபோதும் மனிதர்கள் கடைக்குப் போவார்கள். பார்ப்பார்கள், விலை கேட்பார்கள், 'அப்புறம் வரேன்' என்று திரும்புவார்கள். இருபது பேர் போய்ப் பன்னிரண்டு பை வந்த கடையில், அதே இருபது பேர் போய் ஏழு பை வந்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒப்பிடும்போது போன மாதத்தோடு ஒப்பிடாதீர்கள். பள்ளி திறப்பு, பண்டிகை, மழை என்று ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு குணம் உண்டு. போன வருடத்தின் இதே மாதத்தோடு ஒப்பிடுங்கள். அதனால் முதல் வருடம் இந்த நோட்டு அதிகம் பேசாது. பொறுமை வேண்டும்.

படி 2: எது முதலில் அடிவாங்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

உப்பு, சோப்பு வாங்குவதை யாராலும் ஒரு வருடம் தள்ளிப்போட முடியாது. குளிர்சாதனப் பெட்டி, சோபா, வண்டி ஆகியவற்றைத் தள்ளிப்போடலாம். அதனால்தான் நீடித்து உழைக்கும் பொருள்களை விற்கும் கடைகள் முதலில் அடிவாங்குகின்றன. ஒரு சின்னக் கணக்குப் போட்டால் இது பளிச்சென்று புரியும்.

ஆயிரம் வீடுகள். ஒவ்வொன்றிலும் ஒரு குளிர்சாதனப் பெட்டி. அது பத்து வருடம் உழைக்கும். அப்படியானால் வருடத்துக்கு நூறு பெட்டி விற்கும். இந்த வருடம் மாற்ற வேண்டிய அந்த நூறு வீட்டில் பாதிப் பேர் 'இன்னும் ஒரு வருடம் ஓட்டலாம்' என்று நினைக்கிறார்கள். ஆயிரம் வீட்டில் வெறும் ஐம்பது வீடு. அவர்கள் வாழ்க்கையில் எதுவும் மாறவில்லை, பழைய பெட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் கடைக்காரருக்கு வியாபாரம் பாதியாகிவிட்டது.

இன்னும் ஒரு படி மேலே போவோம். அந்தக் கடைக்காரர் எப்போதும் அரை வருட விற்பனை அளவுக்கு, அதாவது ஐம்பது பெட்டி, ஸ்டாக் வைத்திருப்பவர். விற்பனை ஐம்பதானதும் அவருக்கு இருபத்தைந்து ஸ்டாக் போதும். அதனால் இந்த வருடம் விற்கும் ஐம்பதில் இருபத்தைந்தை இருப்பிலிருந்தே எடுத்துவிட்டு, இருபத்தைந்துதான் புதிதாக ஆர்டர் போடுவார். வீடுகளில் ஐந்து சதவீதம் பேர் தயங்கினார்கள். கடையில் விற்பனை பாதியானது. மொத்த வியாபாரிக்கு ஆர்டர் கால்வாசியானது. தொழிற்சாலைக்குப் போகும்போது அடி இன்னும் பலமாக விழும். சாட்டையின் கைப்பிடியை லேசாக அசைத்தால் நுனி சொடுக்குகிற மாதிரி. விநியோகச் சங்கிலியில் நடக்கும் இந்த விஷயத்தை 1950களின் இறுதியில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஜே ஃபாரஸ்டர் விளக்கிக் காட்டினார்.

வழிகாட்டிக்கு இதில் என்ன பயன்? மளிகைக் கடையில் அறிகுறி தேடி ஏமாறாதீர்கள். முதலில் வீட்டு உபயோகப் பொருள், மரச்சாமான், வண்டி விற்கும் கடைகளைக் கவனியுங்கள். சரக்கு அனுப்பும் லாரிக்காரர்களிடமும் கிடங்கில் வேலை செய்பவர்களிடமும் பேச்சுக் கொடுங்கள். அவர்கள் சாட்டையின் நுனிக்குப் பக்கத்தில் இருப்பவர்கள்.

அமெரிக்க மத்திய வங்கியின் தலைவராக 1987 முதல் 2006 வரை இருந்த ஆலன் கிரீன்ஸ்பன் ஆண்களின் உள்ளாடை விற்பனையைக் கவனித்தார் என்று ஒரு பேச்சு உண்டு. கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் காரணம் இதே தள்ளிப்போடல்தான்: யாரும் பார்க்காத பொருள், ஓட்டை விழுந்தாலும் ஓட்டலாம்.

படி 3: அலமாரியை அருகில் போய்ப் பாருங்கள்

கடைக்குள் நுழைந்ததும் எல்லாம் நிறைந்திருப்பது போலத்தான் தெரியும். வியாபாரம் படுத்த கடையில் அலமாரியைக் காலியாகக் காட்ட மாட்டார்கள். ஒரு ஷாம்பு பாட்டிலைக் கையில் எடுங்கள். அதற்குப் பின்னால் இன்னொன்று இருக்கிறதா? முன்பு நான்கு வரிசை ஆழத்துக்கு அடுக்கியிருந்த இடத்தில் இப்போது முன்வரிசை மட்டும் விளிம்புவரை இழுத்து வைக்கப்பட்டிருந்தால், கடைக்காரர் சரக்குக்குப் போடும் முதலைக் குறைத்துவிட்டார். அடுத்து மூடியின் மேல் விரலை வைத்துப் பாருங்கள். தூசி எத்தனை நாள் அது நகரவில்லை என்று சொல்லிவிடும். ஒரே பொருளை இரண்டு இடத்தில் பரப்பி வைப்பதும், சாதாரணமாக இரண்டு வரிசை எடுக்கும் அட்டைப்பெட்டிகளை ஒற்றை ஒற்றையாக இடைவெளி விட்டு வைப்பதும் அதே கைவேலைதான்.

அப்புறம் மேலே பாருங்கள். எரிய வேண்டிய விளக்குகளில் எத்தனை எரிகின்றன? குளிர்சாதனம் ஓடுகிறதா, இல்லை வாடிக்கையாளர் வந்ததும் போடுகிறார்களா? கல்லாவில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? சம்பளத்துக்கு இருந்த ஆள் போய் முதலாளியின் மகனோ மனைவியோ உட்கார்ந்திருந்தால், அந்தக் கடை முதல் வெட்டை வெட்டிவிட்டது. இதெல்லாம் தனித்தனியே பெரிய விஷயமில்லை. ஒரே தெருவில் ஐந்தாறு கடைகளில் ஒரே காலத்தில் நடந்தால்தான் பேசும்.

'தள்ளுபடி' பலகைகளை நான் அதிகம் நம்புவதில்லை. வியாபாரம் நன்றாக நடக்கும்போதும் தள்ளுபடி உண்டு. பார்க்க வேண்டியது அது எவ்வளவு நாள் தொங்குகிறது, எந்தச் சரக்குக்குத் தொங்குகிறது என்பதைத்தான். பழைய சரக்கைத் தள்ள வருடத்துக்கொரு முறை போடுவது வழக்கம். புதிதாக வந்த சரக்குக்கு முதல் வாரத்திலேயே தள்ளுபடி என்றால் கல்லாவுக்கு அவசரமாகப் பணம் தேவைப்படுகிறது. வெயிலில் வெளுத்துப்போன தள்ளுபடி பேனர் வேறு ரகம். அது விளம்பரமாக இருந்து நிரந்தர விலையாக மாறிவிட்டது.

வாங்குபவர்கள் எந்த அளவுப் பாக்கெட்டை எடுக்கிறார்கள் என்றும் பாருங்கள். பெரிய பாக்கெட்டில் கிராமுக்கு விலை குறைவு என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் சின்னதையே எடுத்தால், கையில் இருக்கும் ரொக்கம் அவ்வளவுதான் என்று அர்த்தம். இல்லாதவர்கள்தான் எப்போதும் அதிக விலை கொடுத்து வாங்குகிறார்கள்.

படி 4: கடன் நோட்டைக் கவனியுங்கள்

ஒரே ஓர் அறிகுறியைத்தான் பார்க்க முடியும் என்றால் நான் இதைத்தான் பார்ப்பேன். மற்ற எல்லாவற்றையும் விட முந்தி வருவது இது.

பற்று வைத்து வாங்கும் வாடிக்கையாளர்களின் நோட்டில் ஒரு பக்கத்தை நினைத்துப் பாருங்கள். நல்ல காலத்தில் மாதம் பிறந்ததும் மொத்தப் பாக்கியையும் சில்லறை வரை எண்ணிக் கொடுத்துவிட்டு, கடைக்காரர் கோடு அடிப்பதைப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். வரவுப் பக்கத்தில் விழும் எண்கள் ஒழுங்கற்றவையாக, பாக்கித் தொகைக்கு அச்சு அசலாகச் சமமாக இருக்கும். கை இறுகும்போது முதலில் மாறுவது தேதி. இரண்டாம் தேதி வந்தவர் எட்டாம் தேதி வருவார். அடுத்து மாறுவது எண். வரவுப் பக்கத்தில் ஐந்நூறு, ஆயிரம் என்று முழு எண்கள் விழ ஆரம்பிக்கும். 'இதை வச்சுக்கோங்க, மீதியை அப்புறம் தரேன்.' கோடு அடிப்பது நின்றுவிடும். மூன்றாவது கட்டத்தில் ஆளே வேறு பக்கமாக நடந்து போவார், பாக்கிக்குப் பயந்து. கடைக்காரர் அந்த வாடிக்கையாளரையும் இழப்பார், பணத்தையும் இழப்பார்.

இதே மூன்று கட்டங்கள் கடைக்காரருக்கும் மொத்த வியாபாரிக்கும் நடுவிலும் நடக்கும். அங்கே பேச்சு வேறு மாதிரி இருக்கும். முப்பது நாள் கடனுக்குச் சரக்கு போட்டவர் பதினைந்து நாளில் கேட்பார். பிறகு 'பழசைத் தீர்த்தால்தான் புதுசு' என்பார். அதற்குப் பிறகு ரொக்கம் கொடுத்தால்தான் வண்டியிலிருந்து சரக்கு இறங்கும். இதை வெளியிலிருந்தே பார்க்க முடியும். வாரத்துக்கு ஒரு முறை பெரிய வண்டியில் வந்த சரக்கு, வாரத்துக்கு மூன்று முறை சின்ன வண்டியில் வர ஆரம்பிக்கும். இறக்கும் இடத்திலேயே பணம் எண்ணப்படும். சில பொருள்கள் 'நாளைக்கு வரும்' என்று ஒரு வாரமாக வராது.

கடன் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்குக் கடலிலிருந்து ஓர் உதாரணம். இரும்புத் தாது, நிலக்கரி போன்ற சரக்கை மூட்டை கட்டாமல் மொத்தமாக ஏற்றும் கப்பல்களின் வாடகையைக் காட்டும் பால்டிக் உலர் சரக்குக் குறியீடு 2008 மே மாதம் 11,793 புள்ளியைத் தொட்டது. அதே வருடம் டிசம்பரில் 663. உலகத்துக்குத் தேவைப்பட்ட இரும்புத் தாதும் நிலக்கரியும் ஏழு மாதத்தில் அந்த அளவுக்கா குறைந்துவிட்டன? தேவை குறைந்தது உண்மைதான். கூடவே, வங்கிகள் ஒன்றையொன்று நம்பாமல் போனதால் சரக்கு ஏற்றுவதற்கு வேண்டிய கடனுறுதிக் கடிதங்கள் (வாங்குபவர் சார்பில் பணம் தருவதாக வங்கி கொடுக்கும் உறுதி) கிடைப்பதும் கஷ்டமானது. 'பழசைத் தீர்த்தால்தான் புதுசு' என்பதன் பெரிய வடிவம் அது.

நோட்டை யாரும் உங்களுக்குத் திறந்து காட்ட மாட்டார்கள், காட்டவும் கூடாது. ஆனால் 'வசூல் எப்படி?' என்று கேட்டால் சொல்வார்கள். 'வியாபாரம் எப்படி?' என்று கேட்காதீர்கள். அதற்கு எந்தக் காலத்திலும் 'சுமார்தான்' என்ற ஒரே பதில்தான். 'வசூல்' என்று கேட்டால் முகம் மாறும் அல்லது மாறாது. அந்த முகம்தான் பதில்.

படி 5: எந்தத் தொழில் வளர்கிறது என்று பாருங்கள்

மந்தநிலையில் எல்லாத் தொழிலும் படுப்பதில்லை. தள்ளிப்போடப்பட்ட ஒவ்வொரு பொருளும் யாரோ ஒருவரின் பழுதுபார்க்கும் மேஜைக்கு வந்து சேரும். செருப்பு தைப்பவர், மிக்ஸி மோட்டார் சுற்றுபவர், போன் திரை மாற்றுபவர், பழைய உடையைப் பிரித்துத் தைப்பவர் ஆகியோரிடம் வேலை அதிகமானால், அதே தெருவில் புதுசு விற்பவரிடம் வேலை குறைந்திருக்கும். இரண்டையும் ஜோடியாகப் பாருங்கள். பழுதுபார்ப்பவரிடம் கேட்க வேண்டியது, 'முன்பு தூக்கிப்போட்டுவிடுவார்களே, அந்த மாதிரிப் பொருள் இப்போது வருகிறதா?' என்று. வருகிறது என்றால் அது நல்ல ஆதாரம்.

அடகுக் கடை, பழைய பொருள் வாங்கி விற்கும் கடை, பெயர் தெரியாத மலிவு பிராண்டுகள் ஆகியவையும் இந்தப் பட்டியலில் சேரும். அடகுக் கடையில் ஒரு நுணுக்கம்: அடகு வைக்க வருபவர்களை விட மீட்க வருபவர்களை எண்ணுங்கள். அவசரத்துக்கு அடகு வைப்பது எந்தக் காலத்திலும் உண்டு. வைத்ததை மீட்க முடியாமல் ஏலத்துக்குப் போவது கூடினால்தான் நிலைமை மோசம்.

வருமானம் குறையக் குறைய, குடும்பச் செலவில் உணவுக்குப் போகும் பங்கு கூடும் என்று 1857இல் ஜெர்மானியப் புள்ளியியலாளர் எர்ன்ஸ்ட் எங்கல் சொன்னார். தெருவில் இதை எப்படிப் பார்ப்பது? மளிகைக் கடையில் விற்பனை பெரிதாகக் குறையாது. ஆனால் அந்தக் கடையிலேயே உணவல்லாத அலமாரி, அதாவது வாசனைத் திரவம், பொம்மை, அலங்காரப் பொருள், தூங்க ஆரம்பிக்கும்.

உதட்டுச்சாயக் கதை ஒன்று அடிக்கடி சொல்லப்படும். எஸ்டி லாடர் என்ற அழகுசாதன நிறுவனத்தின் லியோனார்ட் லாடர் 2001இல் சொன்னது: மந்தமான காலத்தில் உதட்டுச்சாய விற்பனை கூடுகிறது, பெரிய ஆடம்பரத்துக்கு வழியில்லாதவர்கள் சின்ன ஆடம்பரம் வாங்கிக்கொள்கிறார்கள் என்று. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் எல்லா மந்தநிலையிலும் இது பலிக்கவில்லை. 2020இல் எல்லோரும் முகக்கவசம் போட்டிருந்தபோது உதட்டுச்சாயத்தை யார் பார்ப்பது? ஒற்றைப் பொருளை வைத்து ஜோசியம் சொல்பவர்களிடம் கொஞ்சம் தள்ளியே இருங்கள்.

படி 6: கடைக்கு வெளியே

இங்கே சுருக்கமாகச் சொல்லிவிடலாம். விளம்பரத் தட்டிகளில் எத்தனை காலி, எத்தனையில் தட்டி நிறுவனம் தன் சொந்தத் தொலைபேசி எண்ணையே போட்டு வைத்திருக்கிறது என்று எண்ணுங்கள். கடைக்குப் பின்னால் குவியும் அட்டைப்பெட்டிகள் குறைகின்றனவா, பழைய காகிதம் எடுப்பவர் எடைக்கு என்ன விலை சொல்கிறார் என்று கேளுங்கள். ஏறக்குறைய எல்லாச் சரக்கும் அட்டைப்பெட்டியில்தான் பயணம் செய்கிறது.

கட்டடங்களைப் பொறுத்தவரை, வேலை நடக்கும் கட்டடத்தைப் பார்த்து மகிழாதீர்கள். அது இரண்டு வருடத்துக்கு முந்தைய நம்பிக்கை. புதிதாக அஸ்திவாரம் தோண்டுகிறார்களா என்று பாருங்கள். பொருளாதாரம் எந்தப் பக்கம் போகிறது என்று முன்கூட்டியே காட்டும் அமெரிக்காவின் முன்னோடிக் குறியீட்டில் கட்டட அனுமதிகளின் எண்ணிக்கை ஓர் அங்கமாக இருப்பது இதனால்தான். பாதியில் நின்ற கட்டடத்தில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி துருப்பிடித்திருந்தால் அது எப்போது நின்றது என்று ஓரளவு ஊகிக்கலாம்.

படி 7: வேலை போவதற்கு முன்பே தெரியும்

ஆட்களை நீக்குவது முதலாளிக்கும் கஷ்டம். பழகிய ஆளைத் திரும்பப் பிடிப்பது சுலபமில்லை. அதனால் முதலில் ஓவர்டைம் போகும். அடுத்து வாரத்துக்கு ஒரு நாள் வேலை குறையும். பிறகு தற்காலிக ஆட்கள் போவார்கள். போனவர் இடத்தில் புது ஆள் எடுக்க மாட்டார்கள். இவ்வளவுக்கும் பிறகுதான் நிரந்தர ஆட்களை நீக்குவது வரும். மேலே சொன்ன முன்னோடிக் குறியீட்டில் தொழிற்சாலைத் தொழிலாளர்களின் சராசரி வாராந்திர வேலை நேரமும் ஓர் அங்கம்.

ஆகவே தெரிந்தவர்களிடம் 'வேலை இருக்கா?' என்று கேட்பதை விட 'ஓவர்டைம் கிடைக்குதா?' என்று கேட்பது மேல். கடைகளில் 'ஆள் தேவை' காகிதங்களை எண்ணுங்கள். அவை சத்தமில்லாமல் மறையும். டாக்ஸி ஓட்டுபவரிடமும் பொருள் டெலிவரி செய்பவரிடமும் இதற்கு முன் என்ன வேலை பார்த்தார் என்று கேட்டுப் பாருங்கள். ஒரே துறையின் பெயர் மூன்று பேர் வாயில் வந்தால் அந்தத் துறையைத் தனியாகக் குறித்து வையுங்கள்.

எண்ணை நம்புபவர்களுக்கு ஒரு விதி: பொருளாதார நிபுணர் கிளாடியா சாம் 2019இல் முன்வைத்தது. வேலையின்மை விகிதத்தின் மூன்று மாதச் சராசரி, முந்தைய பன்னிரண்டு மாதத்தின் மிகக் குறைந்த அளவை விட அரை சதவீதப் புள்ளி கூடினால் மந்தநிலை தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்காவின் பழைய மந்தநிலைகளுக்கு இது நன்றாகப் பொருந்தியது. 2024 கோடையில் விதி மணியடித்தது, ஆனால் மந்தநிலை அறிவிக்கப்படவில்லை. நல்ல விதியும் சறுக்கும். தெருவில் எண்ணும் நாமும் சறுக்குவோம், அடுத்த படி அதற்காகத்தான்.

படி 8: பொய் அறிகுறிகளைக் கழித்துவிடுங்கள்

கடை மூடியதற்கு மந்தநிலைதான் காரணம் என்று சொல்வதற்கு முன் சில கேள்விகள். புறவழிச்சாலை வந்ததா? பேருந்து நிலையம் இடம் மாறியதா? பெரிய வணிக வளாகம் திறந்ததா? வாடகை ஒப்பந்தம் முடிந்து கட்டட உரிமையாளர் இரண்டு மடங்கு கேட்டாரா? வாடிக்கையாளர்கள் போனிலேயே வாங்க ஆரம்பித்துவிட்டார்களா? கடைசிக் கேள்விக்கு விடை தெரிய, தெருவில் டெலிவரி வண்டிகள் எத்தனை என்று பாருங்கள். கடை காலி, டெலிவரி வண்டி அதிகம் என்றால் பணம் இருக்கிறது, இடம்தான் மாறியிருக்கிறது. இரண்டும் குறைந்தால் பணமே குறைகிறது.

விலைவாசி ஏறுவதையும் மந்தத்தையும் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். பாக்கெட் அதே விலையில் இருந்து உள்ளே இருக்கும் அளவு குறைந்தால், அது உற்பத்திச் செலவு ஏறியதன் அடையாளம். 2016இல் பிரிட்டனில் டாப்ளரோன் சாக்லெட்டின் முக்கோணங்களுக்கு இடையே இடைவெளியை அகலமாக்கி 170 கிராமை 150 கிராமாக்கினார்களே, அந்த மாதிரி. இரண்டும் ஒன்றாக வருவதும் உண்டு. ஆனால் விலை ஏறினாலும் வேலையும் சம்பளமும் இருக்கும் ஊரும், விலை நின்றாலும் வசூல் வராத ஊரும் ஒன்றல்ல.

பெரிய கடை ஒன்று விழும்போது தீர்ப்புச் சொல்வது இன்னும் சிக்கல். பிரிட்டனில் 1909 முதல் இயங்கிய வுல்வொர்த்ஸ், 2008 இறுதியில் விழுந்து 2009 ஜனவரி தொடக்கத்துக்குள் 800க்கும் மேற்பட்ட கடைகளை மூடியது. ஏறக்குறைய 27,000 பேர் வேலை இழந்தார்கள். மந்தநிலைதான் அதைக் கொன்றதா? அதற்கு முன்பே கடன் சுமையும், போட்டியும், என்ன கடை என்றே சொல்ல முடியாத சரக்கும் அதை அரித்துவிட்டிருந்தன. மந்தநிலை செய்தது கடன் கொடுத்தவர்களின் பொறுமையை முடித்து வைத்ததுதான். பெரும்பாலான கடைகள் இப்படித்தான் விழுகின்றன: நோய் பழசு, காய்ச்சல் புதுசு.

படி 9: எல்லாவற்றையும் சேர்த்துப் படியுங்கள்

நான் வைத்திருக்கும் கணக்கு இது. அறிவியல் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். கடன் வசூல், நீடித்த பொருள்களின் விற்பனை, வேலை நேரம் என்று மூன்று கூடைகள். ஒரு கூடையில் மட்டும் அறிகுறி என்றால் குறித்து வைத்துவிட்டு மறந்துவிடுவேன். இரண்டு கூடைகளில், போன வருட இதே மாதத்தோடு ஒப்பிட்டு, தொடர்ந்து மூன்று மாதம் தெரிந்தால் பெரிய கடன்களைத் தள்ளிவைப்பேன். மூன்றிலும் தெரிந்து, பழுதுபார்ப்பவர் கையும் நிறைந்திருந்தால் சந்தேகப்பட ஒன்றுமில்லை. மூடிய ஷட்டர்களை நான் இந்தக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் எச்சரிக்கை. இதையெல்லாம் பார்த்துவிட்டு எல்லோரும் ஒரே நாளில் கையை இறுக்கினால், அதுவே மந்தத்தைக் கொண்டுவரும். ஒருவருக்கு நல்லதான சிக்கனம் எல்லோரும் சேர்ந்து செய்யும்போது எல்லோர் வருமானத்தையும் குறைக்கும் என்று பொருளாதார நிபுணர் கெய்ன்ஸ் சொன்னது இதைத்தான். அதற்காக ஊருக்காக நீங்கள் கடன் வாங்கிச் செலவு செய்ய வேண்டியதில்லை. பக்கத்துக் கடைக்காரரிடம் 'அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது' என்று போய்ச் சொல்லாமல் இருந்தால் போதும். வாங்கிய பாக்கியைத் தேதியில் கொடுத்தால் இன்னும் நல்லது.

மீண்டு வருவதும் அதே வரிசையில்தான் தெரியும்

மந்தம் முடிவதை எல்லோரும் புதுக்கடை திறப்பில் தேடுகிறார்கள். அதுவும் கடைசியில் வருவதுதான். முதலில் மொத்த வியாபாரி மறுபடியும் கடனுக்குச் சரக்கு இறக்குவார். சின்ன வண்டி போய்ப் பெரிய வண்டி திரும்ப வரும். அலமாரியில் ஒரு பாட்டிலை எடுத்தால் பின்னால் இன்னொன்று இருக்கும். தேய்ந்து போன இருப்பை நிரப்ப வேண்டும் என்பதாலேயே ஆர்டர்கள் விற்பனையை விட வேகமாக ஏறும்; சாட்டை இப்போது மறுபக்கம் சொடுக்கும். ஓவர்டைம் திரும்பும், அப்போதும் வேலையின்மை எண்கள் மோசமாகத்தான் இருக்கும், செய்தித்தாள்களும் இருட்டாகத்தான் இருக்கும். அந்த நாள்களில் நோட்டை எடுத்துக்கொண்டு நடப்பதை நிறுத்திவிடாதீர்கள். ஒருநாள் ஏதோ ஒரு கடையில், யாரோ ஒருவர் பழைய பாக்கியைச் சில்லறை வரை எண்ணி வைப்பார், கடைக்காரர் பேனாவை எடுத்து அந்தப் பக்கத்தின் குறுக்கே கோடு அடிப்பார். தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.